நுழைவுத் தேர்வு எதை முன்னறிவிக்கிறது?

(நெமிலியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பம் செய்த வடிவம்)



கல்வி பற்றிப் பேசுமாறு அறக்கட்டளையார் பணித்தபோது, கல்வியின் பெருமையைப் பொதுவாக விரித்துரைப்பதைக் காட்டிலும், இவ்வட்டாரத்துக் குடும்பங்கள் ஆண்டுதோறும் கோடை முடிவில் கவலையோடு எதிர்கொள்ளும் ஒரு திட்டமான கேள்வியை எடுத்துக்கொண்டு ஆராய்வதே பிரயோஜனமுடையதாகும் என்று எனக்குப் பட்டது. கல்லூரி வாசலில் ஒரு மாணவர் காட்டும் மதிப்பெண், அந்த வாசலுக்கு உள்ளே அவர் அடையப்போகும் வெற்றியை எவ்வளவு தூரம் சரியாக முன்னறிவிக்கிறது என்பதே அக்கேள்வி.

இக்கேள்வியைக் கேட்பதற்கு இந்த வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் அரிது. தோல் வணிகத்தில் செல்வம் ஈட்டியவர்கள் கல்விக்கு வாரி வழங்கிய பிரதேசம் இது. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919இலும், மேல்விஷாரத்தில் வள்ளல் அப்துல் ஹக்கீமின் பெயர் தாங்கிய கல்லூரி 1965இலும் தோன்றி, எழுத்தறியாத வீடுகளிலிருந்து வந்த எண்ணற்ற பிள்ளைகளைப் பட்டதாரிகளாக்கின. நூறு இடங்களுக்கு நாடெங்கிலுமிருந்து ஆயிரக்கணக்கானோர் போட்டியிடும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் இதே பிரதேசத்தில்தான் நிற்கிறது. வாசலை அகலத் திறந்து வைத்த கல்லூரிகளும், வாசலில் நின்று நெடுநேரம் தெரிந்தெடுத்த கல்லூரியும் சில மணி நேரப் பயணத்துக்குள் அமைந்திருக்கும்போது, தெரிந்தெடுத்தலின் பயன் யாது என்று கேட்பது இயல்பே.

என் முடிவை முதலிலேயே கூறிவிடுகிறேன். மதிப்பெண்ணுக்கு முன்னறிவிக்கும் சக்தி உண்டு. ஆனால் அச்சக்தி அளவுபட்டது. அந்த அளவு எவ்வளவு என்பதை ஒவ்வொரு கல்விமுறையும் தன் மாணவர்களைத் தொடர்ந்து கவனித்துக் கணக்கிட்டு வெளியிடக் கடமைப்பட்டிருக்கிறது. மாணவரைப் பரீட்சிக்கும் உரிமை கொண்டாடும் எந்தத் தேர்வும் தானும் பரீட்சிக்கப்பட வேண்டும். இதை ஆறு கருத்துகளாக வகுத்துச் சொல்ல முற்படுகிறேன்.

1. முன்னறிவிப்பின் அளவு

முன்னறிவிப்பு என்ற சொல்லைச் சோதிடர் ஒரு பொருளில் வழங்குகிறார். புள்ளியியலார் வேறொரு பொருளில் வழங்குகிறார். பிரான்சிஸ் கால்டனும் கார்ல் பியர்சனும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்தளித்த ஒட்டுறவுக் கெழு என்னும் அளவுகோல், இரண்டு அளவுகள் எவ்வளவு இணங்கிச் செல்கின்றன என்பதை ஓர் எண்ணால் காட்டுகிறது. சம்பந்தமே இல்லையெனில் அது சுழியம்; ஒன்று ஏற ஏற மற்றதும் பிசகாமல் ஏறினால் அது ஒன்று.

அமெரிக்காவில் 1926ஆம் ஆண்டு ஏறக்குறைய எட்டாயிரம் மாணவர்களைக் கொண்டு முதன்முதலாக நடத்தப்பட்ட எஸ்.ஏ.டி. என்னும் கல்லூரி நுழைவுத் தேர்வை இவ்வளவுகோலால் அந்நாட்டார் பல தலைமுறைகளாக அளந்து வருகிறார்கள். அத்தேர்வின் மதிப்பெண்ணுக்கும் கல்லூரி முதலாண்டு மதிப்பெண்ணுக்கும் உள்ள ஒட்டுறவு, சேர்ந்தவர்களை மட்டும் வைத்துப் பார்த்தால் 0.3க்குச் சற்று மேலாகவும், விண்ணப்பித்த அனைவரையும் கருதித் திருத்தினால் 0.5ஐ ஒட்டியும் அமைகிறது. பள்ளியில் பெற்ற மதிப்பெண்களும் ஏறத்தாழ அதே அளவுக்கு முன்னறிவிக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் முன்னறிவிப்பு, தனித்தனியே கிடைப்பதைவிட மேலானது.

0.5 என்பதைக் கேட்டதும் பாதி சரி என்று கொள்ளலாகாது. மாணவருக்கு மாணவர் காணும் வேறுபாட்டில் எத்தனை பங்கை விளக்க முடிகிறது என்று அறிய அந்த எண்ணை அதனாலேயே பெருக்க வேண்டும். பெருக்கினால் கால் பங்கு கிடைக்கிறது. எஞ்சிய முக்கால் பங்கில்தான் உடல்நலம், வீட்டின் பொருள்நிலை, ஆசிரியரின் தன்மை, விடுதி வாழ்க்கை, கற்பிக்கும் மொழி, மனவுறுதி, நட்பு ஆகிய யாவும் அடங்கியிருக்கின்றன. கால் பங்கு என்பது அலட்சியம் செய்யத்தக்க சிறு பொருளன்று. அதனை முழுப்பங்காகப் பாவித்து ஒரு பிள்ளையின் ஆயுளை நிர்ணயிப்பதே தவறு.

2. தெரிந்தெடுத்த கூட்டத்துக்குள் ஏற்படும் மயக்கம்

எங்கள் கல்லூரியில் முதல் தரவரிசையில் சேர்ந்தவரும் கடைசியில் சேர்ந்தவரும் ஒன்றுபோலவே படிக்கிறார்கள், ஆகவே நுழைவுத் தேர்வு வீண் என்று பேராசிரியர்கள் சிலர் சொல்வதுண்டு. இவ்வாதத்தில் ஒரு பிழை இருக்கிறது. பல லட்சம் பேரில் மேலிடத்துச் சில நூறு பேரை மட்டும் பொறுக்கி உள்ளே விட்ட பிறகு, அவர்களுக்குள் மதிப்பெண் வேறுபாடு மிகச் சுருங்கிவிடுகிறது. சுருங்கிய அளவு எதையும் முன்னறிவிக்காததில் வியப்பில்லை. வாசலுக்கு வெளியே நின்றவர்களையும் உள்ளே விட்டிருந்தால் தொடர்பு புலப்பட்டிருக்கும்.

இதே உண்மை மறுதரப்பாரையும் கட்டுப்படுத்துகிறது. மேலிடத்தில் நெருங்கி நிற்பவர்களுக்குள் மதிப்பெண் அதிகம் சொல்வதில்லையென்றால், இரண்டொரு மதிப்பெண் குறைந்தவரைத் தகுதி குறைந்தவர் என்று அழைக்க எந்த ஆதாரமும் இல்லை. மருத்துவச் சேர்க்கைக்கான நீட் தேர்வையே உதாரணமாகக் கொள்வோம். 180 வினாக்கள், 720 மதிப்பெண்; சரியான விடைக்கு நான்கு கூடும், தவறான விடைக்கு ஒன்று குறையும். ஒரே ஒரு வினாவில் ஒருவர் சரியாகவும் மற்றவர் தவறாகவும் விடையளித்தால் இருவருக்கும் இடையே ஐந்து மதிப்பெண் வேறுபாடு தோன்றுகிறது. நெரிசல் மிக்க இடங்களில் அவ்வைந்து மதிப்பெண் ஆயிரக்கணக்கான தரவரிசைகளை விழுங்கிவிடுகிறது. நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குறிப்பவருக்குச் சராசரியாக வினாவுக்குக் கால் மதிப்பெண் வீதம் 45 மதிப்பெண் கிட்டும் என்பதும் எளிய கணக்கே. 2024ஆம் ஆண்டு முதலில் வெளியான முடிவுகளில் 67 பேர் 720க்கு 720 பெற்றிருந்தார்கள். பின்னர் நடந்த திருத்தங்களில் அத்தொகை 17ஆகக் குறைந்தது. உச்சியில் நிற்போரின் வரிசை இவ்வளவு எளிதில் மாறக்கூடியதென்றால், அவ்வரிசையின் ஒவ்வொரு படியையும் யோக்கியதையின் படியாகக் கருதுவது நியாயமாகாது.

3. வெற்றி என்று எதைச் சொல்கிறோம்?

ஆய்வாளர்கள் பெரும்பாலும் முதலாண்டு மதிப்பெண்ணையே வெற்றியாகக் கொள்கிறார்கள். அது எளிதில் கிடைக்கும் அளவு என்பதைத் தவிர அதற்கு வேறு சிறப்பில்லை. பட்டத்தை முடித்தாரா என்று கேட்டால் விடை மாறுகிறது. வில்லியம் போவனும் அவருடைய சகாக்களும் 2009இல் வெளியிட்ட நூலில், அமெரிக்க அரசுப் பல்கலைக்கழகங்களில் பட்டம் முடிப்பதை முன்னறிவிப்பதில் நுழைவுத் தேர்வைவிடப் பள்ளி மதிப்பெண்ணே வலியது என்று காட்டினார்கள். மூன்று மணி நேரத்து விழிப்பை அளப்பது ஒன்று. மூன்று ஆண்டுகள் தவறாது பள்ளிக்கு வந்து வேலையைச் செய்து முடித்த பழக்கத்தை அளப்பது மற்றொன்று. பட்டம் முடிப்பதற்கு இரண்டாவதே பெரிதும் வேண்டியிருக்கிறது.

இனி, நம் வேலூரை நோக்குவோம். 1918இல் ஐடா ஸ்கடர் அம்மையார் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கியபோது, விண்ணப்பிக்க மூவர்கூட வரமாட்டார்கள் என்று அதிகாரிகள் எண்ணிய சந்தர்ப்பத்தில், 151 பேர் விண்ணப்பித்தார்கள். அந்த ஸ்தாபனம் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்த பின்னரும் அதன் நோக்கம் மதிப்பெண் எடுக்கும் மருத்துவரை உருவாக்குவதோடு நிற்கவில்லை. மருத்துவமனையற்ற கிராமப் பகுதிகளில் சென்று சேவை புரிபவரை உருவாக்குவதையும் அது வெற்றியாகக் கொண்டது. ஆகவேதான் எழுத்துத் தேர்வோடு, மாணவரை நேரில் சில நாட்கள் கவனித்துத் தெரிந்தெடுக்கும் முறையைப் பல்லாண்டு பின்பற்றியது. நீட் என்னும் பொது நுழைவுத் தேர்வை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2017இல் நூறு இடங்களில் ஒன்றை மட்டும் நிரப்பி மற்றவற்றைக் காலியாக விட்டது. 2020 ஏப்ரலில் நீதிமன்றத் தீர்ப்பு அதற்கு மாறாக அமைந்தது. அச்சட்டப் பிரச்சினையில் புகாமல், ஒன்றை மட்டும் சொல்லுவேன்: வெற்றியை வேறுவிதமாக வரையறுத்த கல்லூரிக்கு வேறுவித அளவுகோல் தேவைப்பட்டது என்பது அறிவுக்கு ஒத்த காரியமே.

ஆயினும் நேர்காணலே மருந்து என்று எண்ணிவிடலாகாது. 1979இல் டெக்சாஸ் மாநிலச் சட்டமன்றம் ஹூஸ்டன் மருத்துவக் கல்லூரியின் இடங்களை 150இலிருந்து 200ஆக உயர்த்தியபோது, நேர்காணலுக்குப் பின் கீழ்வரிசையில் வைத்து நிராகரிக்கப்பட்டவர்களிலிருந்து 50 பேரைச் சேர்க்க நேர்ந்தது. அவ்வைம்பதின்மரும் முன்பே தேர்வு பெற்றவர்களும் படிப்பிலும் பயிற்சியிலும் வேறுபாடின்றி விளங்கினார்கள் என்று 1987இல் ஆய்வு வெளிவந்தது. நம் மாநிலத்திலும், 1970-71ஆம் ஆண்டு மருத்துவச் சேர்க்கையில் நேர்காணலுக்கு 75 மதிப்பெண் ஒதுக்கி, அதனைத் தலைப்புவாரியாகப் பிரித்து வழங்காமல் மொத்தமாக வழங்கியதைப் பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. நேரில் பார்ப்பவரின் அபிப்பிராயமும் ஓர் அளவுகோலே. அளவுகோலாதலின் அதுவும் சோதனைக்கு உட்பட்டதே.

4. ஒரே மதிப்பெண், வெவ்வேறு தூரம்

இங்கிலாந்தில் உயர்கல்வி நிதிக் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வு, பள்ளியிறுதித் தேர்வில் ஒரே தரம் பெற்ற மாணவர்களுக்குள், கட்டணத் தனிப்பள்ளியில் பயின்றவரைவிட அரசுப் பள்ளியில் பயின்றவரே பல்கலைக்கழகத்தில் மேலான பட்டம் பெறும் போக்கைக் காட்டியது. பிரேசில் நாட்டுக் காம்பினாஸ் பல்கலைக்கழகம் 2005 முதல் அரசுப் பள்ளி மாணவர்களின் நுழைவு மதிப்பெண்ணோடு முப்பது புள்ளிகள் கூட்டிச் சேர்த்தபோதும் அம்மாணவர்கள் பிற்படாமல் முன்னேறினார்கள். அதிகத் தடைகளைக் கடந்து அதே மதிப்பெண்ணை எட்டியவரிடம் வெளிப்படாத ஆற்றல் மிகுதியாக இருக்கிறது என்பதே இதன் தாத்பரியம்.

எதிர்த்தரப்புச் சான்றுகளையும் மறைக்கலாகாது. கலிபோர்னியா சர்வகலாசாலையின் ஆசிரியர் குழுவொன்று 2020இல், தேர்வு மதிப்பெண் ஏழை மாணவர்களின் வெற்றியையும் நன்கு முன்னறிவிக்கிறது என்று அறிக்கை தந்தது. அப்படியிருந்தும் அதன் ஆட்சிக் குழு தேர்வைக் கைவிட்டது. மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமோ, நல்ல பள்ளி வசதியில்லாத இடங்களில் மறைந்திருக்கும் தகுதியைக் கண்டெடுக்கத் தேர்வு உதவுகிறது என்று கூறி, கைவிட்ட தேர்வை 2022இல் மீட்டுக்கொண்டது.

முரண்பட்டனபோல் தோன்றும் இச்சான்றுகளை ஒன்றுபடுத்தும் உண்மை ஒன்றுண்டு. இவ்வுரையில் நீங்கள் நினைவில் கொண்டு செல்ல வேண்டியதும் அதுவே. முன்னறிவிக்கும் சக்தி தேர்வின் குணம் மட்டுமன்று, கல்லூரியின் குணமுமாகும். தமிழ்வழியில் பயின்று வந்த நெமிலி வட்டத்து மாணவி ஒருத்தியை ஆங்கிலத்தில் மட்டும் விரிவுரை நிகழும் வகுப்பில் அமர்த்தி, முதல் பருவத்தில் எவ்வித உதவியும் செய்யாமல் விட்டுவிட்டால், அவள் தடுமாறுவாள். அவள் நுழைவு மதிப்பெண் குறைவாக இருந்ததும் அவள் தடுமாறியதும் கணக்கில் அழகாகப் பொருந்தி, தேர்வு சரியாக முன்னறிவித்தது என்ற பெயரைப் பெறும். உண்மையில் அத்தேர்வு முன்னறிவித்தது அவளுடைய அறிவை அன்று, நாம் அவளை நடத்தப்போகும் விதத்தை. அதே மாணவிக்கு மொழிப் பயிற்சியும் வழிகாட்டும் ஆசிரியரும் கிடைத்தால் அம்முன்னறிவிப்பு பொய்த்துப்போகும். பொய்க்கவும் வேண்டும். நன்றாகக் கற்பிக்கும் கல்லூரியில் நுழைவு மதிப்பெண்ணின் பிடி நாளாவட்டத்தில் தளர்ந்தே தீரும்.

5. தமிழ்நாடு கண்ட நான்கு முறைகள்

உலகில் பல நாட்டார் ஒரே முறையை நெடுங்காலம் வைத்திருக்க, நாமோ அரை நூற்றாண்டுக்குள் நான்கு முறைகளைக் கண்டோம். பள்ளி மதிப்பெண்ணோடு நேர்காணல் சேர்ந்த முறை ஒன்று. 1984இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கிய மாநில நுழைவுத் தேர்வு இரண்டாவது. அதில் மேல்நிலைப் பாடங்களுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100 என 300க்குத் தரவரிசை கணக்கிடப்பட்டது. பேராசிரியர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் பரிந்துரைக்குப் பிறகு, குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு 2007இல் நடைமுறைக்கு வந்த, மேல்நிலைத் தேர்வு மதிப்பெண்ணை மட்டும் கொள்ளும் முறை மூன்றாவது. மருத்துவத்துக்கு 2017 முதல் நடைமுறையிலுள்ள நீட் நான்காவது.

ஒவ்வொரு முறையும் தனக்குரிய நோயை வளர்த்தது. மேல்நிலை மதிப்பெண் ஒன்றே கதவைத் திறக்கும் என்றானபோது, பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைப் புறக்கணித்து இரண்டாண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைக்கும் பள்ளிகள் பெருகின. அதைத் தடுக்க 2018இல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. நீட் வந்தபின் பயிற்சி மையங்களும், ஓராண்டு ஈராண்டு காத்திருந்து மீண்டும் மீண்டும் எழுதும் வழக்கமும் பெருகின, நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் அளித்த அறிக்கை இவற்றை விரிவாகப் பேசுகிறது. அரசுப் பள்ளிகளிலிருந்து மருத்துவக் கல்லூரி சேர்ந்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவராய்ச் சுருங்கியமையால், நீதிபதி பொ. கலையரசன் ஆணையத்தின் ஆய்வுக்குப் பின் 2020இல் அவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு ஏற்பட்டது. ஓர் அளவின்மீது பெரும் பரிசை வைத்தால், மனிதர்கள் அந்த அளவைச் சுற்றியே தம் முயற்சியை வளைப்பார்கள். நாளடைவில் அந்த அளவு, தான் அளக்க வந்த பொருளை அளக்காமல் போகும். இவ்விதி எந்த அரசின் எந்தத் தேர்வையும் விலக்கி வைப்பதில்லை.

6. செய்ய வேண்டுவன

டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார், மருத்துவராகவும், சென்னைச் சர்வகலாசாலையை 1942 முதல் 1969 வரை வழிநடத்திய துணைவேந்தராகவும் இவ்விஷயத்தின் இரு பக்கங்களையும் அறிந்தவர். அவர் தலைமையில் 1952-53இல் கூடிய இடைநிலைக் கல்விக் குழு, புறத்தேர்வுகளின் எண்ணிக்கையைக் குறைத்து, மாணவரின் பள்ளிப் பதிவுகளுக்கு உரிய மதிப்பளிக்க வேண்டும் என்று வற்புறுத்தியது. அந்த அறிவுரைக்கு இன்றைய சான்றுகள் வலுவூட்டுகின்றன. ஒற்றைத் தேர்வைவிடத் தேர்வும் பள்ளிப் பதிவும் சேர்ந்த அளவு மேலானது. அந்த அளவையும் மாணவர் எங்கிருந்து வந்தார் என்னும் பின்னணியோடு படிப்பது அதனினும் மேலானது.

இவ்வட்டாரத்துத் தொழில் ஒன்று இங்கே நமக்குப் பாடம் கற்பிக்கிறது. பச்சைத் தோலைப் பார்த்துத் தரம் பிரிப்பவர் தம் மதிப்பீட்டை இறுதியானதென்று கொள்வதில்லை. மயிர் மூடிய பகுதியில் இருக்கும் குறையும் நிறையும் சுண்ணாம்பிட்டு மயிர் நீக்கிக் குரோம் ஏற்றிய பின்னரே தெளிவாகத் தெரியும் என்பதால், அந்நிலையில் மறுபடியும், முடிக்கும் நிலையில் மீண்டும் ஒருமுறையும் தரம் பார்க்கிறார். முதலில் சொன்ன தரம் எத்தனை இடத்தில் மாறியது என்பதும் அவர் அறிவார். தோலுக்குக் காட்டும் இந்த நிதானத்தை நாம் பிள்ளைகளுக்குக் காட்டவில்லை.

ஆகவே என் வேண்டுகோள் திட்டமானதும் நடைமுறைக்கு எளியதுமாகும். 1988 முதல் இயங்கிவரும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்திடமும், அண்ணா பல்கலைக்கழகத்திடமும் மாணவர்களின் பல்லாண்டுத் தேர்வு முடிவுகள் இருக்கின்றன. சேர்க்கையின்போது பெற்ற மதிப்பெண்கள் தெரிவுக் குழுக்களிடம் இருக்கின்றன. பெயரை நீக்கிவிட்டு இவ்விரண்டையும் இணைத்து, எந்த முறையில் சேர்ந்தவர் எவ்வாறு படித்தார், எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேர் கிராமச் சேவைக்குச் சென்றார்கள் என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் 2020ஆம் ஆண்டு சேர்ந்த முதல் அணியினரிடமிருந்தே இதைத் தொடங்கலாம். அவர்கள் நன்றாகப் படித்திருந்தால் அதை நாடு அறிய வேண்டும். சில இடங்களில் தடுமாறியிருந்தால் எந்தப் பாடத்தில், எந்தப் பருவத்தில், என்ன உதவி இல்லாமல் என்பதையும் அறிய வேண்டும். நான்கு முறைகளைக் கண்ட மாநிலம், அவற்றுள் எது சிறந்தது என்பதை மேடைப் பேச்சால் நிர்ணயிக்க வேண்டிய அவசியமில்லை, கணக்கால் நிர்ணயிக்கலாம்.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு வார்த்தை. தேர்வை அலட்சியம் செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. கால் பங்கு உங்கள் கையில் இருக்கும்போது அதைப் பற்றிக்கொள்ளுங்கள், கருத்தூன்றிப் படியுங்கள். ஆனால் எதிர்பார்த்த மதிப்பெண் வராத நாளில், உங்கள் எதிர்காலத்தை முழுமையாக அறிந்த எண் எதுவும் இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை என்பதை உறுதியாக நம்புங்கள். பெற்றோர்களே, அந்த நாளில் இதே சொல்லை உங்கள் வாயால் முதலில் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் கல்லூரி நிர்வாகிகளுக்கும் என் இறுதி விண்ணப்பம் இது: குறைந்த மதிப்பெண்ணோடு உங்கள் வகுப்புக்கு வரும் மாணவரின் தோல்வியை எதிர்பார்த்துக் காத்திராதீர்கள், முதல் பருவத்திலேயே அவருக்கு வேண்டிய உதவியைச் செய்து, அந்த முன்னறிவிப்பைப் பொய்யாக்குங்கள். ஒரு கல்லூரி தன் சிறப்பைக் காட்ட இதைவிட நேர்மையான வழி வேறில்லை.